நீதான்

“‘நீதான்’னு சாமி சொன்னது என்னையா, இவனையா? அதை மட்டும் சொல்லிருங்க தாயி. வேற எதுவும் நான் கேக்கல.”

இதைக் கேட்டபோது ஏகாம்பரம் இன்னும் கால்கூடக் கழுவவில்லை. மலை ஏறி வந்த மூச்சிரைப்பும் அடங்கவில்லை.

பேச்சியம்மை திரும்பிப் பார்க்கவில்லை. ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மேகம். கொடியின் அந்தப் பக்க நுனியை எதில் கட்டியிருக்கிறாள் என்றே தெரியவில்லை.

“மேகத்துக்குள்ள துணி காயுமா தாயி?” என்றார் ஏகாம்பரம். தப்பென்று பட்டதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. பிறவிக் குணம் அது.

“காயாது.”

“பின்ன எதுக்குக் காயப் போடுதிய?”

“துவைச்சாச்சே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் திரும்பினாள்.

மலை உச்சியில் தனியாகத் தவமிருப்பவள் என்றாலும் வயது அதிகம் இல்லை. கல்யாணம் என்று ஒன்று பண்ணியிருந்தால் ஏகாம்பரத்துக்கு இவள் வயதில் மகள் இருந்திருப்பாள். ஆனாலும் அவருடைய குரு கூழ்ச்சாமி, கீழே மடத்தில் இருந்தபடியே இந்த மலையைப் பார்த்துத் தினமும் கும்பிட்டவர். “எனக்குப் பிடிபடாதது அந்தப் பிள்ளைக்குப் பிடிபடும்லே” என்று சொன்னவர். குருவே கும்பிட்ட ஆள் என்றால் சும்மாவா. ஏகாம்பரமும் கைகூப்பினார். கூப்பிய கையோடு மறுபடியும் கேட்டார்.

“என்னையா, இவனையா?”

இவன் என்றது தாண்டவத்தை. தாண்டவம் ஒரு கழுதைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துத்தான் சொல்ல வேண்டும்.

மலையடிவாரத்தில், கணவாய்க்குப் போகிற பாதையோரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு மண்சுவர், ஓலைக் கூரை, ஓர் அடுப்பு. சொல்லப் போனால் அடுப்புதான் மடம். சுமைகாரன், மாட்டு வியாபாரி, பிச்சைக்காரன், பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகிற பெண், யாராக இருந்தாலும் அந்த வழியில் வந்தால் ஒரு கலயம் கேப்பைக் கூழ் உண்டு. பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. ஊற்றிக் கொடுத்தவர்தான் கூழ்ச்சாமி.

சாமிக்குச் சீடர்கள் இரண்டு பேர். மீசை முளைக்கும் முன்பே வந்து சேர்ந்தவர்கள். மூத்தவர் ஏகாம்பரம், படிப்பாளி. ஒரு சொல்லைக் கொடுத்தால் உரித்து, பிளந்து, கொட்டையை எடுத்துக் காட்டிவிடுவார். தாண்டவம் பாடுவார். அவ்வளவு படிப்பில்லை, ஆனால் அவர் பாடினால் கூழ் வாங்கினவன் குடிக்க மறந்து நிற்பான். ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் குடித்து, ஒன்றாகவே நரைத்தவர்கள்.

சாமி போன அன்று சாயங்காலம் நடந்தது இது.

சாமி மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. ஏகாம்பரம் வலது காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். தாண்டவம் இடது காலை.

“நாளைக்கு அடுப்பு யாருலே பத்த வைக்கிறது?” என்றார் சாமி.

“நான்தான் சாமி” என்றார் ஏகாம்பரம்.

“நான்தான் சாமி” என்றார் தாண்டவம்.

சாமி மூச்சை மெல்ல இழுத்தார். பிறகு சொன்னார்.

“நீதான்.”

அதோடு மூச்சு நின்றுவிட்டது.

மனுஷன் கண்ணைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு விரலையாவது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நீட்டியிருக்கக் கூடாதா? நீட்டவில்லை. சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் அடுப்பங்கரைக்கு வந்தார்கள். ஒரே சுள்ளிக் கட்டை இரண்டு பேரும் பிடித்தார்கள். விடவில்லை. அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

“‘நீ’ங்கிறது ஒருமை” என்று ஏகாம்பரம் போகிறவன் வருகிறவனை எல்லாம் பிடித்து உட்கார வைத்து விளக்கினார். “ரெண்டு பேரைச் சொல்லணும்னா ‘நீங்க’ன்னு சொல்லியிருப்பாரு. ‘தான்’ங்கிறது உறுதிப்படுத்த வர்ற சொல்லு. ஆக, ஒருத்தர்தான். சந்தேகமே இல்லாம ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் நான்.”

தாண்டவம் இதையே பாட்டாகக் கட்டிப் பாடினார். பாட்டில் அந்த ஒருத்தர் தாண்டவம்.

மடத்துக்கு நடுவில் ஒரு கயிறு வந்தது. அப்புறம் இரண்டு அடுப்பு வந்தது. வழிப்போக்கன் வாசலில் தலையைக் காட்டினால் இந்தப் பக்கம் ஒருவர் கூப்பிடுவார், அந்தப் பக்கம் ஒருவர் கூப்பிடுவார். சாமி சொன்னது யாரை என்று முதலில் வாயால் சொல்லிவிட்டு அப்புறம்தான் கூழ் குடிக்க வேண்டும். பசித்து வந்தவனுக்கு இது என்ன தலையெழுத்து. கொஞ்ச நாளில் ஆட்கள் மடத்தைக் கண்டதுமே எட்டி நடக்க ஆரம்பித்தார்கள். இரண்டு சட்டியிலும் கூழ் புளித்தது.

ஒருநாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வாசல் பானையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு ஏகாம்பரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி படுக்கும் முன் யோசித்துப் பார்த்து, தப்பு தாண்டவத்தின் மேல்தான் என்று முடிவு செய்துகொண்டார். பிறகு தூக்கம் வந்தது.

சாமியின் முதல் குருபூசை நெருங்கியது. பூசைக்கு ஊர்ப்பட்ட சனம் கூழ் குடிக்க வரும். யார் அடுப்பில் வைப்பது? இரண்டு பேரும் கலந்து பேசி, அதாவது பேசாமல், ஒரு முடிவுக்கு வந்தார்கள். மலை ஏற வேண்டும். பேச்சியம்மை யாரைச் சொல்கிறாளோ அவர் மடத்தில் இருப்பார். மற்றவர் அன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டும். உயிர் உள்ள மட்டும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது.

பேசாமல் எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்பீர்கள். கழுதை எதற்கு இருக்கிறது?

சாமி வளர்த்த கழுதை அது. துரை என்று பேர் வைத்திருந்தார். சாமி போனதிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் ஒரு சொல் பேசியதில்லை. எல்லாம் துரையிடம்தான்.

“ஏ துரை, தாயிகிட்டயே கேட்டுருவமான்னு கேளு.”

“கேட்டுருவோம்னு சொல்லு துரை. தோத்தவன் போயிரணும்னும் சொல்லு.”

துரை காதை ஆட்டும். அதுதான் ஒப்பந்தம்.

மலைப் பாதையிலும் அதே கதை. துரை முதுகில் அரிசி மூட்டை. முன்னால் யார் நடப்பது என்பதில் தகராறு வந்து, கடைசியில் துரையை முன்னால் விட்டார்கள். பாசி பிடித்த ஒரு பாறையில் ஏகாம்பரத்தின் கால் லேசாக வழுக்கியது.

“துரை, இந்தக் கல்லு வழுக்கும். பின்னால வாரவன பாத்துக் கால வைக்கச் சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று மேலே போகும் வரை தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி ஏறி வந்தவர்தான் கால்கூடக் கழுவாமல் பேச்சியம்மையிடம் கேட்டார்.

“சரி, நடந்ததை ஆளுக்கொரு தடவை சொல்லுங்க” என்றாள் அவள்.

ஏகாம்பரம் சொன்னார். “நான் வலது காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். சாமி கண்ணு மூடியிருந்துச்சு. ‘நீதான்’னாரு. அப்ப என் கைக்குள்ள அவரு காலு ஒரு துடி துடிச்சுது தாயி. என்னைச் சொல்லலேன்னா அது எதுக்குத் துடிக்கணும்?”

தாண்டவம் சொன்னார். “நான் இடது காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். ‘நீதான்’னாரு. என் கைக்குள்ள காலு ஒரு துடி துடிச்சுது. என்னைச் சொல்லலேன்னா அது எதுக்குத் துடிக்கணும்?”

“அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?”

“முன்னால நடந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தாயி” என்றார் ஏகாம்பரம்.

பேச்சியம்மை சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சாமிக்கு ரெண்டு காலு இருந்துச்சு பாருங்க, அங்கதான் கோளாறு” என்றாள்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. சிரிக்கிற விஷயமா இது? ஒருவன் வாழ்க்கை இதில் கிடக்கிறது. இந்த வயதில் மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஏது? அவனுக்கும்தான் ஏது?

அந்த இரண்டாவது நினைப்பை அவர் சட்டென்று தள்ளிவிட்டார்.

தாண்டவம் துரைக்குத் தண்ணீர் காட்டப் போனதும், ஏகாம்பரம் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தாயி, அவன் நல்லவன். குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அகந்தை பிடிச்சவன். தான் சொன்னதுதான் சரின்னு ஒத்தக்கால்ல நிக்கான். அவனுக்கு நீங்க நல்ல புத்தி சொல்லணும்.”

“சொல்லலாம். உங்களுக்கு?”

“எனக்கா? நான் உள்ளதைச் சொல்லுதேன். உள்ளதைச் சொன்னா அது எப்படி அகந்தையாகும்?”

அவள் உலையில் அரிசியைப் போட்டாள்.

“ஒரு சின்ன வேலை செய்வியளா அண்ணாச்சி? சோறு வேகுத வரைக்கும் ‘தான்’ங்கிற சொல்லு வராம பேசிக்கிட்டு இருங்க.”

“அவ்வளவுதானா?” என்றார் ஏகாம்பரம்.

“போச்சு” என்றாள் அவள்.

“இல்ல தாயி, நான் இன்னும் ஆரம்பிக்கல. இனிமேத்தான்…”

“ரெண்டு.”

ஏகாம்பரம் வாயை மூடிக்கொண்டார். எப்படித் தொடங்கினாலும் அந்தச் சொல் எங்கேயோ ஒளிந்து நின்று குறுக்கே வந்து விழுந்தது. நான்தான், அதுதான், அப்படித்தான், இப்போதுதான். நாக்கை நம்ப முடியவில்லை. சோறு வேகும் மட்டும் அவர் பேசவேயில்லை. அவர் ஆயுளில் இது புதுசு. பேசாமல் இருந்ததில் சத்தங்கள் கேட்டன. உலை கொதித்தது. தூரத்தில் எங்கேயோ அருவி விழுந்தது. வெளியே தாண்டவம் இருமினார். மார்ச்சளி இருமல். இது எத்தனை நாளாக இருக்கிறது?

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அங்கே இன்னொரு வம்பு.

“இருக்கிறது ஒரே வட்டில். சேந்து சாப்பிடுங்க” என்றாள் பேச்சியம்மை.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் தன் பக்கத்துச் சோற்றைத் தின்றார். தாண்டவம் தன் பக்கத்துச் சோற்றைத் தின்றார். நடுவில் ஒரு வரப்பு மிஞ்சியது. அதை இரண்டு பேரும் தொடவில்லை. எழுந்து கை கழுவினார்கள். பேச்சியம்மை வட்டிலை எடுத்துக்கொண்டுபோய்த் துரையின் முன்னால் வைத்தாள். துரைக்கு எந்த வழக்கும் இல்லை. வரப்பை ஒரே வாயில் தின்றது.

“தாயி, தீர்ப்பு?” என்றார் ஏகாம்பரம்.

“எனக்குத் தெரியாது.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்கா இத்தனை மலை ஏறினோம்?

“மலைகிட்டக் கேளுங்க. அது காட்டும். காலையில வெயில் முதுகுல படுத மாதிரி மேக்கு விளிம்புல போய் நில்லுங்க. கீழ பள்ளம் பூராவும் மேகம் கிடக்கும். ஒருத்தரை விட்டு ஒருத்தர் தள்ளி நிக்கணும், பத்துப் பன்னிரண்டு முழம். பாத்ததைப் பாத்தபடி வந்து சொல்லணும். பொய் கூடாது.”

“நான் பொய் சொன்னதில்ல தாயி.”

அது உண்மை. அவரிடம் உள்ள தொந்தரவே அதுதான்.

விடிந்தது. மேற்கு விளிம்பில் காற்று இல்லை. காலடியில் பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம் இல்லை. பொங்கின பால் அப்படியே நின்றுபோன மாதிரி, கண் எட்டிய மட்டும் மேகம். ஏகாம்பரம் ஓரிடத்தில் நின்றார். தள்ளி தாண்டவம். இரண்டு பேருக்கும் நடுவில், யாரும் கூப்பிடாமலே, துரை வந்து நின்றது.

வெயில் முதுகில் பட்டது.

மேகத்தின் மேல் ஓர் ஆள் நின்றார்.

ஏகாம்பரம் ஓரடி பின்வாங்கினார். பனை உயரத்துக்குக் கறுப்பாக நின்ற ஆள். இவர் கையைத் தூக்கினார், அந்த ஆளும் தூக்கினார். ஓ, நிழல். தன் நிழல்தான். மூச்சை விட்டார்.

விட்ட மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. நிழலின் தலையைச் சுற்றி ஒளி வந்துகொண்டிருந்தது.

முதலில் வெண்மை. பிறகு அதைச் சுற்றி மஞ்சள். ஓரத்தில் சிவப்பு. அதற்கும் வெளியே நீலமும் பச்சையுமாக இன்னொரு வட்டம். கருவறையில் சாமிக்குப் பின்னால் நிற்கிற திருவாசி, அது அவர் தலைக்குப் பின்னால் நின்றது. தலையை அசைத்தார், கூடவே அசைந்தது. குனிந்தார், குனிந்தது.

ஏகாம்பரம் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. எத்தனை நூல் படித்திருப்பார், எத்தனை பேரை வாதத்தில் மடக்கியிருப்பார், ஒன்றும் நினைவில்லை. ‘இதெல்லாம் எனக்கா? நான் எம்மாத்திரம்?’ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் அவர் படிப்பாளி இல்லை, மூத்த சீடர் இல்லை. பெரிய ஒன்றின் முன்னால் வந்து நிற்கிற சின்ன உயிர், அவ்வளவே.

அதற்கப்புறம் அவர் பக்கத்து நிழலைப் பார்த்தார்.

துரையின் நிழல், நீளக் காதோடு, கறுப்பு. அதற்கு அந்தப் பக்கம் தாண்டவத்தின் நிழல். வெறும் கறுப்பு. ஒளியின் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஏகாம்பரம் எழுந்து நின்றார். முதுகு நிமிர்ந்தது.

“பாத்தாச்சு தாயி” என்றார். “மலை சொல்லிருச்சு. ஒளி என் தலையைச் சுத்தித்தான் இருக்கு.”

“பாத்தேன் தாயி” என்றார் தாண்டவம் அதே நேரத்தில். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. “ஒளி என் தலையைச் சுத்தித்தான் இருக்கு.”

“துரை, அவன் பொய் சொல்லுதான்னு சொல்லு” என்றார் ஏகாம்பரம்.

“நேத்துவரைக்கும் பொய் சொல்லாத வாயி இன்னைக்குப் பொய் சொல்லுதுன்னு சொல்லு துரை” என்றார் தாண்டவம்.

துரை மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பேச்சியம்மை பின்னால் ஒரு பாறையில் சாய்ந்திருந்தாள். “இடத்தை மாத்தி நின்னு பாருங்க” என்றாள்.

மாற்றி நின்றார்கள். ஏகாம்பரத்தின் ஒளி ஏகாம்பரத்தோடு வந்தது.

“பாருங்க தாயி. ஒளி இடத்துல இல்ல, ஆளுகிட்ட இருக்கு” என்றார்கள் இரண்டு பேரும். ஒரே சொல், ஒரே மூச்சு. சொல்லிவிட்டு இரண்டு பேரும் திகைத்தார்கள்.

பேச்சியம்மை எழுந்து வந்து விளிம்பில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எத்தனையோ காலையில் பார்த்திருப்பாள். அப்படியும் அவள் கை தானாகக் குவிந்ததை ஏகாம்பரம் கவனித்தார்.

“உங்க ரெண்டு பேரு தலையிலயும் எனக்கு ஒண்ணும் தெரியல” என்றாள். “என் தலையில இருக்கு.”

ஏகாம்பரம் அவளுடைய நிழலைப் பார்த்தார். கறுப்பு. குருவே கும்பிட்ட ஆள். அவள் தலையிலும் கறுப்பு.



“துரையும் விடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே நிக்கி” என்றாள் அவள். “ஒரு வருசமா உங்க வழக்கைக் கேட்ட ஆளு. அதையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க.”

“கழுதைக்கு என்ன தெரியும் தாயி?”

“அதைத்தான் போய்ப் பாருங்கன்னு சொல்லுதேன். அது கண்ணு இருக்கிற இடத்துல உங்க கண்ணை வையுங்க.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஏகாம்பரம் அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். அவள் சொன்னாள். அவர் துரையின் பக்கத்தில் போனார். ஒரு கையை அதன் கழுத்தில் போட்டு, குனிந்து, தன் கன்னத்தைக் கழுதையின் கன்னத்தோடு ஒட்டிவைத்தார். வைக்கோல் வாசனை அடித்தது. மேகத்தைப் பார்த்தார்.

திருவாசி நகர்ந்து வந்திருந்தது. அதற்குள்ளே அவர் தலை இருந்தது. பக்கத்தில் இரண்டு நீளக் காதுகளும் இருந்தன.

அவர் தலையை எடுத்தார். துரையின் காது கறுத்தது. ஒட்டிவைத்தார். காதைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் நீலமும் வந்து நின்றன. துரை காதை ஆட்டியது. ஒளிக்குள் காது ஆடியது.

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. இந்த வாயில்லாப் பிராணி விடிந்ததிலிருந்து எதைப் பார்த்துக்கொண்டு இப்படி அசையாமல் நிற்கிறது? யாரிடமும் சொல்லாமல், யாரோடும் மல்லுக்கு நிற்காமல்?

அவர் தலையைத் திருப்பினார்.

தாண்டவம் தள்ளி நின்றார். மேகத்தில் தன் நிழலையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேகம் அங்கங்கே இளகத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

“தாண்டவா.”

துரையிடம் சொல்லவில்லை. நேராகச் சொன்னார். தாண்டவத்துக்கு அது விளங்கவே சற்று நேரம் ஆனது. கழுதையைப் பார்த்தார், பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

“இங்க வாலே” என்றார் ஏகாம்பரம். உடனே, “வேண்டாம், நில்லு. நான் வாரேன்” என்றார்.

ஈரப் புல்லில் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றார். கையைத் தோளில் போட்டார். தோள் எலும்பாக இருந்தது. கன்னத்தைக் கன்னத்தோடு வைத்தார். நரைத்த தாடி குத்தியது. திருநீறும் அடுப்புப் புகையும் கலந்த அந்த வாசனை, சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் பக்கத்தில் கிடந்த வாசனை.

மேகத்தின் மேல் இரண்டு தலைகள் ஒட்டி நின்றன. இரண்டையும் சேர்த்துச் சுற்றி ஒரே ஒளி. எது யார் தலை என்று ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை. காதை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க அவர்கள் துரையும் இல்லை.

“அண்ணாச்சி, உங்களுக்கும் இருக்கு” என்றார் தாண்டவம்.

“ஆமாலே. உனக்கும் இருக்கு.”

வேறு பேச்சில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கையில் மேகம் கிழிந்தது. சிவப்பு போனது, மஞ்சள் போனது, வெண்மை போனது. கீழே பச்சையாகப் பள்ளம் தெரிந்தது. பார்க்க ஒன்றுமில்லாமல் போன பின்னும் இரண்டு கிழவர்களும் கன்னத்தை எடுக்காமல் நின்றார்கள்.

“அண்ணாச்சி” என்றாள் பேச்சியம்மை பின்னாலிருந்து. “நேத்துக் கேட்டேன், சம்பந்தமில்லன்னு சொல்லிட்டிய. இப்பச் சொல்லுங்க. ‘நீதான்’னு சொல்லுததுக்கு முன்னால சாமி என்ன கேட்டாரு?”

“நாளைக்கு அடுப்பு யாருலே பத்த வைக்கிறதுன்னு கேட்டாரு.”

“அதையே நான் இப்பக் கேக்கேன். நாளைக்கு அடுப்பு யாரு பத்த வைக்கிறது?”

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். பதில் தயாராக இருந்தது. அன்றைக்குச் சாமியிடம் இரண்டு பேரும் சொன்ன அதே ‘நான்தான்’. ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன பதில்.

அவர் திரும்பித் தாண்டவத்தின் முகத்தைப் பார்த்தார். இமையில் பனித்துளி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. இவன் எப்போது இத்தனை கிழவன் ஆனான்?

“நீதான்” என்றார்.

அவர் கைக்குள் தாண்டவத்தின் தோள் ஒரு துடி துடித்தது.

தாண்டவம் அவரையே பார்த்தார். உதடு கோணியது. பிறகு சொன்னார்.

“அண்ணாச்சி… சாமி இப்படித்தான் சொன்னாரு.”